பேரவை நடக்கும்போது நம் எம்.எல்.ஏ. என்னதான் செய்கிறார்? (ஒரு தரைப்பாலத்தை முன்வைத்து)

வாய்க்கால்கரை

காவிரிக் கடைமடையில் எங்கள் ஊர். பெயரைச் சொன்னால் சட்டமன்ற உறுப்பினர் யார் என்று தெரிந்துவிடும். எனக்கு அவரோடு பகை எதுவும் இல்லை, ஆகவே விட்டுவிடுகிறேன். ஊருக்குள் நுழைய வேண்டுமென்றால் வடிகால் வாய்க்காலின் மேல் உள்ள தரைப்பாலத்தைக் கடக்க வேண்டும். ஐப்பசியில் நான்கு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் அதன்மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். பாலத்தின் விளிம்பு தெரிவதற்காக இரண்டு பக்கமும் மூங்கில் கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம். பள்ளிப் பிள்ளைகளை யாராவது டிராக்டரில் ஏற்றி அக்கரையில் விடுவார்கள். டிராக்டர் வராத நாளில் தோள்தான்.

மூன்று ஆண்டுகளில் மூன்று மனு கொடுத்தேன். மூன்றையும் கையால் வாங்கினார், படித்தார், மடித்து உதவியாளரிடம் கொடுத்தார், "செய்துவிடலாம்" என்றார். நான்காவது மனுவோடு போன வாரம் தொகுதி அலுவலகம் போனால் பூட்டுத் தொங்குகிறது. "பேரவை நடக்கிறதே, மானியக் கோரிக்கை முடிந்துதான் வருவார்" என்றார் எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர். ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பேரவையில் ஒப்புதல் கேட்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சரி, அங்கேயாவது பேசுகிறாரா என்று கேள்வி நேரத்தை ஐந்து நாள் நேரலையில் பார்த்தேன். ஒரே ஒரு முறை கேமரா அவர் பக்கம் திரும்பியது. மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஏளனத்துக்காகக் கேட்கவில்லை. கூட்டத்தொடர் நடக்கும் நாளில் ஒரு உறுப்பினருக்கு உண்மையில் என்ன வேலை? அந்த வேலைக்கும் என் பாலத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

வேப்பங்குச்சி

தொடர்பு உண்டு. நீங்கள் இக்கரையில், அவர் அக்கரையில்.

மேசை தட்டுவதுதான் ஐயா முழுநேர வேலை. பேச எழுந்தால் முதல் பாதி தலைவர் புகழ், கடைசி நிமிடத்தில் "என் தொகுதிக்கு ஒரு கலைக் கல்லூரி வேண்டும்" என்று அவசரமாக ஒரு வரி, அதற்குள் மணி அடித்துவிடும். 2021 ஆகஸ்டில் முதலமைச்சரே எழுந்து, கேள்வி நேரத்திலும் மானியக் கோரிக்கையிலும் என்னைப் புகழ்ந்துகொண்டிருக்காதீர்கள், மீறினால் நடவடிக்கை எடுப்பேன் என்று தம் கட்சி உறுப்பினர்களை எச்சரிக்க வேண்டியிருந்தது. இது ஒரு கட்சியின் நோய் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு எதிர்வரிசையில் இருந்தவர்கள் அதற்கு முன் ஆளும் வரிசையில் இருந்தபோதும் இதே கச்சேரிதான்.

அப்புறம் பேரவை விதி 110. அமைச்சர் அறிக்கை படிப்பார். அதன்மேல் விவாதம் கிடையாது. ஒரு காலத்தில் அறிவிப்பெல்லாம் அதன் வழியாகவே வந்தது. 234 பேர் எதற்கு? ஒலிபெருக்கி ஒன்று போதுமே.

மூன்றாம்_மாடி

வேப்பங்குச்சி ஐயா, உங்கள் கசப்பில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்கிறேன். நான் பதினொரு ஆண்டுகள் ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் உதவியாளராக இருந்தவன். எந்தக் கட்சி, எந்த ஊர் என்று கேட்காதீர்கள். அவர் இப்போது இல்லை.

கூட்டத்தொடர் நாள் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். சேப்பாக்கம் எம்.எல்.ஏ. விடுதியில் எங்கள் அறை வாசலில் தொகுதி ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ வந்து, எங்கள் அறையிலேயே குளித்து, வெளுத்த வேட்டி மாற்றி, துணிப்பையில் காகிதக்கட்டோடு இருப்பார்கள். ஒருவருக்குச் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வேண்டும். இன்னொருவருக்கு மருமகளின் பணியிட மாறுதல். அடுத்தவருக்கு ஒன்றும் வேண்டாம், சும்மா பார்க்க வந்தார். ஆனால் மூன்று நாள் தங்குவார். எட்டரைக்குள் இருபது பரிந்துரைக் கடிதங்களாவது கையெழுத்தாகும். பச்சை மையில் கையெழுத்துப் போட்டால் வேலை நடக்கும் என்று நம்புகிற ஒரு பெரியவர் இருந்தார். அவருக்காகவே ஒரு பச்சைப் பேனா வைத்திருந்தேன்.

ஒன்பதரைக்கோ பத்துக்கோ அவை கூடும். பேரவைத் தலைவர் ஒரு குறளைச் சொல்லிப் பொருள் சொல்வார். பிறகு கேள்வி நேரம், அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரமில்லா நேரம், ஒரு பிரச்சினைக்கு அமைச்சரைப் பதில் சொல்ல வைக்கும் கவன ஈர்ப்பு, அன்றைக்கு எந்தத் துறையோ அதன் மானியக் கோரிக்கை விவாதம். கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் தருவார்கள். ஒழுங்காகப் படித்தால் உங்கள் மாவட்டத்தில் எந்தப் பணி நடக்கிறது, எது நிற்கிறது என்று அதிலேயே பிடித்துவிடலாம். படிக்கிறவர்கள் குறைவு, ஒப்புக்கொள்கிறேன்.

நேரலையில் தெரியாத வேலை ஒன்று இருக்கிறது. ஒரு துறையின் மானியக் கோரிக்கை வரும் நாளில் அந்த அமைச்சர், துறைச் செயலாளர், தலைமைப் பொறியாளர் எல்லாரும் கோட்டையில் ஒரே இடத்தில் இருப்பார்கள். மற்ற நாளில் இவர்களைத் தனித்தனியாகப் பார்க்க மூன்று வாரம் அலைய வேண்டும். என் முதலாளி அன்றைக்கு அவைக்குள் இருந்ததைவிட நடைபாதையில் நின்றதே அதிகம். சட்டைப்பையில் நான்காக மடித்த ஒரே ஒரு தாள் இருக்கும். அமைச்சர் தேநீருக்கு எழுந்து வரும்போது அந்தத் தாளை விரித்துக் காட்டுவார். இரண்டு பாலமும் ஒரு துணை மின் நிலையமும் அந்த நடைபாதையில் பிறந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

சட்டமாணவன்

நடைபாதையில் நடந்தால்தான் வேலை ஆகும் என்றால் அவை எதற்கு என்று வேப்பங்குச்சி ஐயா கேட்பார், அதற்கு முன் நானே கேட்டுவிடுகிறேன்.

தொகுதிக்குப் பாலம் வாங்கித் தருவது சட்டமன்ற உறுப்பினரின் முதல் வேலை அல்ல. சட்டம் இயற்றுவது, வரவு செலவுத் திட்டத்தை ஆராய்ந்து ஒப்புதல் தருவது, அரசைக் கேள்வி கேட்பது ஆகிய மூன்றுக்காகத்தான் அனுப்புகிறோம். நடப்பது என்ன? மசோதாக்கள் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் கட்டுக்கட்டாக வந்து குரல் வாக்கெடுப்பில் போய்விடுகின்றன. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடா (எப்படி வாக்களிப்பது என்று கட்சி சார்பில் சொல்பவர்) உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். ஆகவே கை எங்கே தூக்குவது என்பதும் அவர் கையில் இல்லை.

ஆனாலும் அவை செத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. ஆளும் கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் வெளியே கிளம்பின. மூன்றே நாளில் அதை நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். உள்ளே சிலர் எழுந்து நின்று 'கூடாது' என்று சொன்னது பதிவாகாமல் இருந்திருந்தால் வெளியே இவ்வளவு விரைவில் தீப்பிடித்திருக்காது என்பது என் எண்ணம்.

மேடைத்தோரணம்

நான் ஒரு கட்சியின் ஒன்றியப் பொறுப்பில் இருக்கிறேன். எல்லாரும் உறுப்பினரையே அடிக்கிறீர்கள், ஒரு முறை வாக்காளர் பக்கமும் திரும்புங்கள்.

போன தையில் ஒரு முகூர்த்த நாள். எங்கள் எம்.எல்.ஏ. விடியற்காலை நாலரைக்கு முதல் கல்யாணம், பகல் ஒன்றரைக்குப் பதினேழாவது. நடுவில் இரண்டு துக்க வீடு, ஒரு காதுகுத்து. எல்லா இடத்திலும் "சாப்பிட்டுத்தான் போக வேண்டும்" என்பார்கள். எங்கும் சாப்பிட முடியாமல் கடைசியில் காரிலேயே இரண்டு வாழைப்பழம் தின்றார். ஒரு வீட்டுக்குப் போகவில்லை. அந்த வீட்டார் அடுத்த தேர்தல்வரை மறக்க மாட்டார்கள். அவையில் அவர் நாற்பது கேள்வி கேட்டார் என்று ஒருவராவது ஓட்டுப் போட்டதுண்டா? பேரவை நடக்கும் வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி, சனி ஞாயிறு தொகுதியில் மாலை போட்டு, ஞாயிறு இரவு மறுபடி ரயில் ஏறுகிறார். நீங்கள் கேட்கும் கேள்விக்கு அவர் எப்போது உட்கார்ந்து தயார் செய்வது?

தொகுதி மேம்பாட்டு நிதியை வைத்துச் செய்யட்டுமே என்பீர்கள். ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். 2019-20இல்தான் இரண்டரையிலிருந்து மூன்றானது. அதிலும் ஒரு பகுதியை அரசு சொல்லும் பணிகளுக்கே ஒதுக்க வேண்டும். பணம் அவர் கைக்கு வருவதில்லை. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி தருவார். கொரோனா ஆண்டில் அதிலும் ஒரு கோடி தடுப்புப் பணிக்குப் போனது. தொகுதியில் எத்தனை ஊர் என்று எண்ணிப் பாருங்கள்.

வேப்பங்குச்சி

அந்த மூன்று கோடியில் கட்டிய நிழற்குடை எங்கள் ஊரில் இருக்கிறது. பெயர்ப்பலகை இருக்கும் அகலத்துக்கு நிழல் இல்லை.

கரும்பலகை

சிரித்துவிட்டேன். ஆனால் எங்கள் பள்ளிக்கு அந்த நிதியில்தான் இரண்டு வகுப்பறை வந்தது, பெயர்ப்பலகையோடு. பிள்ளைகள் மரத்தடியிலிருந்து உள்ளே வந்தார்கள், பெயர் யாருடையதாக இருந்தால் எனக்கென்ன.

வேறொன்று சொல்ல வேண்டும். 'தொடர்பு' என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். அந்தத் தொடர்பு ஆண்களுக்குத்தான் எளிது. நான் தலைமையாசிரியையாக இருந்தபோது அந்த வகுப்பறைக்காகத் தொகுதி அலுவலகம் போனேன். வாசலில் பத்துப் பதினைந்து ஆண்கள், உள்ளே இன்னும் பத்துப் பேர், நாற்காலி எல்லாம் நிரம்பியிருந்தது. "என்னம்மா விஷயம், இங்கேயே சொல்லுங்கள்" என்றார் ஒருவர். அவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கணவரை அழைத்துக்கொண்டு போன இரண்டாம் முறைதான் உள்ளே விட்டார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பெண் தன் ஊர்க் குடிநீர் பற்றிச் சொல்ல அங்கே போவாள் என்று நினைக்கிறீர்களா? அவள் வருவது கிராம சபைக்கு. உறுப்பினர் கிராம சபைக்கு வந்து, பேசாமல், ஓரமாக உட்கார்ந்து கேட்டால் போதும். ஆண்டுக்கு ஆறு நாள் நடக்கிறது. அதிலும் மே 1 பெரும்பாலும் பேரவை இல்லாத நாள், ஆகஸ்ட் 15ம் அக்டோபர் 2ம் விடுமுறை. நேரமில்லை என்று சொல்ல முடியாது.

மேடைத்தோரணம்

டீச்சர், நீங்கள் சொன்ன அந்த 'ஒருவர்' எங்கள் அலுவலகத்திலும் இருக்கிறார். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

மூன்றாம்_மாடி

பாலத்துக்கு வருவோம். வாய்க்கால்கரைத் தம்பி, உங்கள் மனுவில் என்ன எழுதியிருந்தீர்கள்? யாருக்கு எழுதினீர்கள்? அந்தச் சாலை யாருடையது?

கேட்கக் காரணம் இருக்கிறது. உங்கள் பாலத்துக்கு மூன்று அப்பன்கள் இருக்கலாம். சாலை மாவட்ட இதர சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை. ஒன்றியச் சாலை என்றால் ஊரக வளர்ச்சித் துறை. வாய்க்கால் நீர்வளத் துறையின் வடிகால் என்றால் அவர்களிடமும் ஒப்புதல் வாங்க வேண்டும். துறை தவறினால் மனு நேராகத் தவறான மேசைக்குப் போகும். அங்கிருந்து "மேற்படி சாலை இத்துறையின் பராமரிப்பில் இல்லை" என்று ஒற்றை வரியில் பதில் வரும். அந்த வரி உறுப்பினரின் அலுவலகத்துக்கு வந்து, கட்டோடு கட்டாகக் கிடக்கும். என் மேசையிலேயே அப்படி ஒரு கட்டு இருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை.

இப்போது அவைக்கும் பாலத்துக்கும் உள்ள தொடர்பு. மனு வந்தால் கோப்பில் சேரும். வினா வந்தால் ஜீப் புறப்படும். உறுப்பினர் பேரவைச் செயலகத்தில் எழுத்தில் ஒரு வினா கொடுத்தால் அது துறைக்குப் போகிறது, துறையிலிருந்து மாவட்டத்துக்கு வருகிறது, யாராவது ஒரு உதவிப் பொறியாளர் நாடாவோடு வந்து உங்கள் தரைப்பாலத்தை அளந்தாக வேண்டும். ஏனென்றால் நட்சத்திரக் குறியிட்ட வினாவாக எடுத்துக்கொள்ளப்பட்டால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலின்மேல் எழும் துணை வினா எங்கிருந்து வரும் என்று அவருக்குத் தெரியாது. அதனால் பதிலோடு பின்குறிப்பும் சேர்த்துக் கேட்பார்கள். பதில் "இல்லை" என்றே வந்தாலும் கவலையில்லை, அதற்குள் மதிப்பீடு போட்டிருப்பார்கள். கொடுத்துப் பல மாதம் கழித்துப் பதில் வந்த வினாக்களையும் பார்த்திருக்கிறேன், பொறுமை வேண்டும்.

வேப்பங்குச்சி

"அரசின் பரிசீலனையில் உள்ளது." இந்தப் பதிலுக்கா இத்தனை ஜீப்? நூறு நாள் பேரவை நடத்துவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் எழுதினார்கள், எந்த ஆண்டிலும் அதை எட்டவில்லை. இருக்கிற சில வாரத்தில் எத்தனை பாலம் பரிசீலனைக்கு வரும்?

மூன்றாம்_மாடி

நாட்கள் போதாது என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் பதிலின் வினைமுற்றைக் கவனியுங்கள். "பரிசீலிக்கப்படும்", "நிதிநிலைக்கேற்ப ஆவன செய்யப்படும்", "இந்த ஆண்டே எடுத்துக்கொள்ளப்படும்" ஆகிய மூன்றும் வேறு வேறு. துணை வினாவில் என் முதலாளி ஒரே ஒரு சொல்லுக்காக நிற்பார்: "இந்த நிதியாண்டிலேயே முன்வருமா?" அமைச்சர் ஆம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் அது அவையில் தந்த உறுதிமொழி. அது நிறைவேறியதா என்று பார்க்கவே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அந்தக் குழு மாவட்டம் மாவட்டமாகப் போய், ஆட்சியர் அலுவலகத்தில் அதிகாரிகளை உட்கார வைத்துப் பட்டியலை ஒவ்வொன்றாகப் படிக்கும். அந்த நாளில் அதிகாரிகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் நேரலையில் வராது.

சட்டமாணவன்

மனுக்கள் குழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாவட்டத்துக்கு வருவதற்கு முன் ஆட்சியர் வழியாகப் பத்திரிகைகளில் அறிவிப்பு வரும். பொதுமக்கள் நேரடியாகவே மனு அனுப்பலாம், உறுப்பினரின் பரிந்துரை தேவையில்லை. ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். வேலைவாய்ப்பு, பட்டா, முதியோர் ஓய்வூதியம், கடன், நீதிமன்றத்தில் உள்ள வழக்கு எல்லாம் தள்ளப்படும். தரைப்பாலம் அச்சு அசலாக அவர்கள் கேட்கும் வகை.

இன்னொன்று. பழைய பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் இணையத்தில் மின்னூலாகக் கிடைக்கின்றன. உங்கள் தொகுதியின் பெயரைத் தேடிப் பாருங்கள். உங்கள் அப்பா காலத்து உறுப்பினர் இதே பாலத்தைக் கேட்டிருக்கக்கூடும்.

கரும்பலகை

2022 ஆகஸ்டில் 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' என்று, எல்லாக் கட்சி உறுப்பினர்களிடமும் தொகுதிக்குப் பத்து முக்கியக் கோரிக்கைகளை ஆட்சியரிடம் தரச் சொன்னார்களே. அந்தப் பத்தில் இந்தப் பாலம் இருந்ததா என்று கேட்டீர்களா?

வாய்க்கால்கரை

நான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். உளுந்து பறிப்பு.

டீச்சர், அந்தப் பத்து பற்றி எனக்குத் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது. எங்களை யாரும் கேட்கவும் இல்லை. அதுதான் முதல் வருத்தம்.

மூன்றாம் மாடி ஐயா சொன்னபடி ஒன்றிய அலுவலகம் போனேன். சாலைப் பதிவேட்டில் எங்கள் சாலை ஒன்றியச் சாலை. என் மூன்று மனுவின் தலைப்பிலும் நானே என் கையால் "நெடுஞ்சாலைத் துறை மூலம்" என்று எழுதியிருக்கிறேன். பஸ் போகிற சாலை எல்லாம் நெடுஞ்சாலை என்று நினைத்துவிட்டேன். மூன்று ஆண்டும் நெடுஞ்சாலைத் துறைக்கே போய்த் திரும்பியிருக்கிறது. ஒருவராவது தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரே மழையோடு போயிருக்கும். கோபம் குறையவில்லை, ஆனால் கோபத்தில் என் பங்கும் கொஞ்சம் இருக்கிறது.

நேற்று இரவு உறுப்பினரின் உதவியாளரைச் சென்னை எண்ணில் பிடித்தேன். ஐயா சொல்லிக்கொடுத்தபடி சாலையின் பெயர், துறை, வாய்க்கால் பெயர், எத்தனை குடும்பம், எத்தனை பிள்ளைகள், மழை நாளில் சுற்றிப் போக எத்தனை கிலோமீட்டர் என்று ஒரே பக்கத்தில் எழுதியதைப் படித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஊரக வளர்ச்சித் துறை மானியக் கோரிக்கை இன்னும் அவைக்கு வரவில்லை அண்ணன், வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், காலையில் ஐயா கையில் கொடுத்துவிடுகிறேன்" என்றார். நபார்டு (ஊரகப் பணிகளுக்குக் கடன் தரும் வங்கி) திட்டத்தில் சேர்க்கக் கேட்கலாம் என்று அவராகவே சொன்னார்.

வேப்பங்குச்சி

கொடுப்பார். மடித்து வைப்பார். இருந்தாலும் எழுதுங்கள், நடந்தால் என் குச்சியைக் கீழே போடுகிறேன்.

வாய்க்கால்கரை

ஒரே ஒரு சிக்கல். தண்ணீர் ஓடும்போது எடுத்த படம் கேட்கிறார். என்னிடம் இருப்பது ஒன்றுதான். போன ஐப்பசியில் என் மகன் எடுத்தது. நடுப்பாலத்தில் வேட்டியைத் தொடைவரை தூக்கிக்கொண்டு, தலையில் அரிசி மூட்டையோடு நான் நிற்கிறேன். சட்டமன்றத்துக்கு இதை எப்படி அனுப்புவது?

மூன்றாம்_மாடி

அதையே அனுப்புங்கள் தம்பி. தண்ணீர் முழங்காலுக்கு எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிகிறதல்லவா? பொறியாளர் கேட்கப்போவது அந்த அளவைத்தான்.